பிஸ்கட் டின்னில் போன கண்

பாசிர் ரிஸில் முனீராவின் வீட்டுக்கு நீங்கள் போன வருஷம் போயிருந்தால் கார் சீட்டில்தான் உட்கார்ந்திருப்பீர்கள். சோபா இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கறுப்பு இருக்கைகள், பலகையில் திருகப்பட்டு, டிவிக்கு நேராக இருந்தன. வந்தவர்கள் உட்கார்ந்ததும் பழக்கதோஷத்தில் பெல்ட்டைத் தேடினார்கள். சமையலறை ஜன்னலோரம் கொத்தமல்லித் தொட்டிக்குப் பக்கத்தில் பிரேக் பாகங்கள் சாயம் காய்ந்துகொண்டிருந்தன. குண்டு விழுந்தால் ஒளிந்துகொள்ளட்டும் என்று அரசாங்கம் ஒவ்வொரு வீட்டிலும் கட்டிக்கொடுத்த தடித்த சுவர் அறை இருக்கிறதே, மற்றவர்கள் அதில் அரிசி மூட்டையும் மின்விசிறியும் வைப்பார்கள். முனீரா வீட்டில் அந்தக் குண்டறை முழுக்க முழுக்கக் காருக்கு.

சிங்கப்பூரில் கார் வைத்துக்கொள்வதே பெரும்பாடு. பழைய காரைப் பிரித்துப் போட்டுச் செப்பனிட இங்கே யாரிடம் கொட்டகை இருக்கிறது? அடுக்குமாடி வீடுகளின் பொது கார்பார்க்கில் வண்டியைக் கழற்றிப் பரப்பிக்கொண்டு வேலை செய்யவும் கூடாது. முனீரா அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். ஒரு பாகத்தை மட்டும் கழற்றுவாள். துணிப்பையில் போட்டு லிப்ட்டில் வீட்டுக்குக் கொண்டுபோவாள். சுத்தம் செய்து, சரிசெய்து, கீழே கொண்டுவந்து மாட்டிய பிறகுதான் அடுத்த பாகம். எஞ்சினை இறக்குவது போன்ற பெரிய வேலைக்கு மட்டும் காக்கி புக்கிட்டில் ஒரு பட்டறை. மற்றதெல்லாம் லிப்ட்டில்தான் போய்வந்தது. அண்டை வீட்டுக்காரர்கள் முதலில் முறைத்தார்கள், பிறகு லிப்ட்டில் அவளைப் பார்த்ததும் இன்றைக்கு என்ன பாகம் என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அவளுக்கு வயது நாற்பத்தாறு. பல் செட் செய்வது தொழில். அவள் வேலை செய்யும் கூடம் தேக்காவில், இந்தியக் கடைகள் நெருங்கிக் கிடக்கும் பேட்டையில், ஒரு சேலைக் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. பல் மருத்துவர்கள் நோயாளியின் வாயை அச்செடுத்து அனுப்புவார்கள், அதற்குப் பொருந்துகிற மாதிரி பல் செட்டை இழைத்துக் கொடுப்பாள். மயிரிழை தப்பினாலும் சாப்பிடுகிறவருக்கு ஈறு புண்ணாகிவிடும் என்பதால் அவள் கைக்கு ஒரு பொறுமை வந்திருந்தது. அந்தப் பொறுமையெல்லாம் காருக்கும் போயிற்று. பல் செட் கழுவுகிற அதிர்வுத் தொட்டி ஒன்று பழசாகி ஓரங்கட்டப்பட்டபோது, அதைக் கேட்டு வாங்கி, எஞ்சினுக்குப் பெட்ரோல் பீய்ச்சும் குழாய்களை அதில் போட்டுக் கழுவினாள். கூடத்தின் முதலாளி லட்சுமி எட்டிப் பார்த்துவிட்டு, இது யார் வாயில் மாட்டப்போகிறது என்று கேட்டார்.

வண்டி 1990-ஆம் வருஷத்து மாஸ்டா. சிவப்பு. இரண்டே பேர் உட்காரலாம், கூரையை மடித்துப் பின்னால் தள்ளிவிடலாம். முன்விளக்குகள் பகலில் மூக்குக்குள் மூடிக் கிடக்கும். பொத்தானை அழுத்தினால் இரண்டும் எழுந்து நின்று பார்க்கும். பல் செட் ஒன்றைக் கொடுக்கப் போன இடத்தில் ஒரு மருத்துவர் வீட்டு வாசலில் அதைப் பார்த்தாள். ஓட்ட நேரமில்லை, உடைக்க அனுப்பப்போகிறேன் என்று சொன்ன மருத்துவர், விளையாட்டாக உள்ளே கை விட்டுப் பொத்தானை அழுத்திக் காட்டினார். வலது விளக்கு எழுந்தது. இடது விளக்கு பாதி எழுந்து, நடுங்கி, மறுபடி படுத்துக்கொண்டது. அந்த நொடியே முனீராவுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது. அதற்கு வேறு மரியாதையான வார்த்தை தேட வேண்டியதில்லை, அவளே அப்படித்தான் சொல்வாள்.

கணவர் யாசர் துறைமுகத்தில் பளுதூக்கி, அதாவது கிரேன், ஓட்டுகிறவர். உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து கப்பலிலிருந்து பெட்டிகளை எடுத்து, எது எங்கே இருக்க வேண்டுமோ அங்கே வைப்பதுதான் அவர் வேலை. அப்படிப்பட்டவர் வீட்டுக்கு வந்தால் சாப்பாட்டு மேசையில் ஸ்டியரிங் இருக்கும். அவர் கத்தியதில்லை. அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுத் தட்டைப் போட்டுக்கொள்வார். வீட்டுக்குள் கால் வைக்க இடமில்லையே என்று எப்போதாவது முணுமுணுப்பார். இத்தனை வருஷத்தில் அந்த வண்டியில் ஒரு தடவைகூட ஏறி உட்கார்ந்ததில்லை. முனீரா கூப்பிடும்போதெல்லாம், முடியட்டும், முடிந்த பிறகு பார்க்கலாம் என்பார். அவருக்கு வண்டி பிடிக்கவில்லை என்று அவள் முடிவுகட்டி வைத்திருந்தாள். பிடிக்காததைப் பொறுத்துக்கொள்கிற மனுஷர் மீது அவளுக்கு அன்பும் இருந்தது, கொஞ்சம் கோபமும் இருந்தது.

எல்லாம் முடிந்து ஒரே ஒரு குறைதான் மிச்சம். இடது கண் திறக்கவில்லை. சாலை வரியைப் புதுப்பிக்க வேண்டுமென்றால் வண்டி பரிசோதனையில் தேற வேண்டும். அந்தக் கண்ணால் அது இரண்டு தடவை தேறாமல் திரும்பி வந்தது. இரண்டாவது தடவை திரும்பி வந்த அன்று சாப்பிடும்போது முனீரா தானாகவே சொன்னாள்:

“இந்த மாசக் கடைசிக்குள்ள தேறலைன்னா வித்துடறேன். நியூசிலாந்துல ஒருத்தர் கேட்டுக்கிட்டே இருக்காரு. கப்பல்ல ஏத்தி அனுப்பிடலாம்.”

யாசர் சோற்றைப் பிசைந்துகொண்டே ம் என்றார். அந்த ஒற்றை எழுத்தில் ஒரு பெருமூச்சே கேட்டதாக அவளுக்குப் பட்டது.

கண்ணைத் தூக்குகிற மோட்டாருக்குள் ஒரு சின்னப் பற்சக்கரம் தேய்ந்திருந்தது. யாரோ முன்னொரு காலத்தில் விளக்கைக் கையால் பிடித்து இழுத்ததன் பலன். அதற்கு மாற்று ஒன்று ஜப்பானில் ஒரு பழைய பாகக் கடையில் அகப்பட்டு, இரண்டு வாரம் கழித்து ஒரு தீப்பெட்டி அளவுப் பொட்டலமாக வந்து சேர்ந்தது. முனீரா மோட்டாரைப் பிரித்து, பல் செட் மெருகிடும் விளக்கடியில் வைத்து, அதைப் பொருத்தி, கிரீஸ் தடவி மூடினாள். ஈரம் படாமலிருக்க, பல் கூடத்தில் கிடைக்கும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைக் கூடப் போட்டு, மூடி ஓரம் நசுங்கிய ஒரு நீல நிற வட்ட பிஸ்கட் டின்னில் வைத்து, மூடியைச் சுற்றி டேப் ஒட்டினாள். நோன்புப் பெருநாளுக்கு மறுநாள் காலை பரிசோதனை. பெருநாள் சாயங்காலம் மாட்டிவிட்டால் போதும். முதல் நாளே மாட்டியிருக்கலாமே என்று கேட்பீர்கள். பெருநாளுக்கு முதல் நாள் முஸ்லிம் வீட்டுப் பெண்ணுக்கு மூச்சு விட நேரம் உண்டா என்று அவளைக் கேட்டுப் பாருங்கள்.

பெருநாள் வந்தது. காலைத் தொழுகை முடிந்து, உட்லண்ட்ஸில் இருக்கும் யாசரின் அக்கா சம்சுன்னிசா வீட்டில் பிரியாணியும் வட்டிலப்பமும் சாப்பிட்டு, மதியத்துக்கு மேல் வீடு திரும்பினார்கள். முனீராவுக்கு அன்று முழுக்கக் கால் தரையில் படவில்லை. யாரோடு பேசினாலும் மனசு அந்த மோட்டாரிலேயே இருந்தது. வீட்டுக்குள் வந்ததும் புதுச் சேலையைக்கூட மாற்றாமல் குண்டறையைத் திறந்தாள். டின் இல்லை.

அலமாரிக்குப் பின்னால் பார்த்தாள், கட்டிலுக்கடியில் பார்த்தாள். பிறகு, மூடி ஓரம் நசுங்கிய நீல டின்னைப் பார்த்தீர்களா என்று யாசரைக் கேட்டாள். தொழுகை விரிப்பை மடித்துக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார். மேசைமேல் மூன்று டின் இருந்தன, மூன்றையும் அக்காவுக்குக் கொடுத்துவிட்டேன் என்றார்.

பெருநாள் பிஸ்கட் டின்னைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் அதைப் பிரித்துச் சாப்பிடுகிறவர்கள் குறைவு. வெறுங்கையோடு போகக் கூடாது என்று ஒருவர் கொண்டுவருவார். வாங்கியவர் அதை அடுத்த வீட்டுக்குப் போகும்போது கொண்டுபோவார். அங்கிருந்து அது இன்னொரு வீட்டுக்குப் போகும். தீவைச் சுற்றி வந்த டின்கள் உண்டு. சம்சுன்னிசா வீட்டில் டின் ஒரு மணி நேரம் தங்கினாலே அதிசயம்.

முனீராவுக்கு அது நன்றாகத் தெரியும். அந்தப் பதற்றத்தில் சொல்லக் கூடாததைச் சொன்னாள்:

“வேணும்னேதானே கொடுத்தீங்க? வண்டி ஒழிஞ்சா வீடு சுத்தமாகும்னுதானே?”

யாசர் அவளை ஒரு தடவை பார்த்தார். அக்காவுக்குப் போன் போட்டு, முனீராவும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியை அழுத்தி, நசுங்கிய நீல டின்னைப் பற்றிக் கேட்டார். சம்சுன்னிசாவின் குரல் உற்சாகமாக வந்தது.

“அந்த டின்னா? அதை அப்பவே கையூம் நானாகிட்ட கொடுத்தாச்சு லா. கனமா இருந்துச்சு, நல்ல பிஸ்கட்டாத்தான் இருக்கும்னு அவருக்கே கொடுத்தேன்.”

அப்துல் கையூம் சம்சுன்னிசாவின் பக்கத்து வீட்டுக்காரர், வயதில் மூத்தவர் என்பதால் எல்லாருக்கும் நானா, அதாவது அண்ணன். தேக்காவில் பெட்டிக் கடை வைத்திருக்கிறார், பயணப் பெட்டி விற்கிற கடை. ஊருக்குப் போகிற தமிழ்நாட்டுத் தொழிலாளிகள் அவரிடம்தான் பெட்டியும் அட்டைப்பெட்டியும் கயிறும் வாங்குவார்கள். வாங்குகிற ஒவ்வொருவர் கையிலும் ஒரு பிஸ்கட் டின்னை வைத்து அனுப்புவது அவர் வழக்கம். பெருநாள் விடுமுறையில் தொழிலாளிகள் வருவார்கள் என்பதால் மதியத்துக்கு மேல் கடையைத் திறப்பார். அவர் போனை எடுக்கவில்லை. இரண்டாவது தடவையும் எடுக்கவில்லை.

பெருநாளன்று டாக்சி பிடிப்பது நடக்காத காரியம். யாசர் தொப்பியைத் தலையில் வைத்தார்.

“சாவியை எடு. வெளிச்சம் இருக்கும்போதே போயிடலாம்.”

இப்படித்தான் யாசர் முதன்முதலாக அந்த வண்டியில் ஏறினார். ஏறினார் என்பதைவிட இறங்கினார் என்பது பொருத்தம். தினமும் உயரத்தில் கூண்டில் உட்காருகிற மனுஷர், சாலைக்கு ஒரு சாண் மேலே காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வந்த பஸ்ஸின் சக்கரம் அவர் காதுக்கு நேராக உருண்டது. கூரையை மூட நேரமில்லை. விரைவுச்சாலையில் ஏறி முனீரா ஐந்தாம் கியருக்குப் போனதும் காற்று உள்ளே பாய்ந்தது. யாசரின் புதுத் தொப்பி எழும்பி, பின்னால் வந்த லாரியின் கண்ணாடியை உரசிப் பறந்துபோயிற்று. அவர் தலையைத் தடவிப் பார்த்தார். பிறகு சிரித்தார். கல்யாணமான நாள் முதல் அவர் அப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை.

“இது இப்படியா ஓடும்?” என்று கத்தினார்.

இன்னும் ஓடும் என்று அவளும் கத்தினாள். எஞ்சின் குரல் காலடியிலிருந்து கிளம்பி முதுகெலும்பு வழியாக ஏறியது. அவளே கழுவி மாட்டிய குழாய்கள், அவளே இறுக்கிய திருகுகள். ஒவ்வொன்றும் சொன்ன வேலையைச் செய்தது. பயத்துக்கு நடுவிலும் அவளுக்குச் சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது. இத்தனை அருமையாக ஓடுகிற வண்டியை எவனோ ஒருவனுக்குக் கப்பலேற்றுவதா?

பாயா லேபார் தாண்டும்போதுதான் அது நினைவுக்கு வந்தது. நேற்று குண்டறையின் தரையைத் துடைக்க டின்னை வெளியே எடுத்தது யார்? அவள். ஈரம் பட்டுவிடக் கூடாதென்று சாப்பாட்டு மேசையில் வைத்தது யார்? அவள். காலையில் அவசரத்தில், மேசைமேல் இருக்கிற டின்னையெல்லாம் மதினி வீட்டுக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்று குளியலறையிலிருந்து குரல் கொடுத்ததும் அவளேதான். யாசர் சொன்னதைச் செய்திருக்கிறார். அவள் குற்றம் சாட்டியபோது இதை ஒரு வார்த்தையில் சொல்லி வாயை அடைத்திருக்கலாம். சொல்லவில்லை. முனீரா ஓரக்கண்ணால் அவரைப் பார்த்தாள். அவர் இரண்டு கையையும் கூரை இருக்க வேண்டிய இடத்தில் நீட்டிக் காற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள், காற்று வார்த்தையைக் கொண்டுபோய்விட்டது.

தேக்காவில் கால் வைக்க இடமில்லை. கையூமின் கடைக்கு முன்னால் வண்டியை நிறுத்தியதுமே பத்துப் பதினைந்து இளைஞர்கள் சூழ்ந்துகொண்டு படம் எடுக்கத் தொடங்கினார்கள். யாசர் குதித்து இறங்கிக் கடைக்குள் போனார். முனீரா ஸ்டியரிங்கை விடாமல் உட்கார்ந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

யாசர் அண்டை வீட்டில் ஒரு கரண்டி சர்க்கரைகூடக் கேட்டு வாங்கியதில்லை. அப்படிப்பட்டவர், கடை நிறைய ஆட்கள் நிற்க, கொடுத்த பெருநாள் டின்னைத் திருப்பிக் கேட்டார். கையூம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“கொடுத்ததைத் திருப்பிக் கேக்குறியா யாசர்? பெருநாளும் அதுவுமா? உங்க அக்காவுக்குத் தெரியுமா?”

“கேக்கிறேன் நானா. எனக்கும் வெக்கமாத்தான் இருக்கு. உள்ள பிஸ்கட் இல்ல, என் பொண்டாட்டியோட கார் மோட்டாரு. அது இல்லேன்னா அவ வண்டி போயிடும்.”

கடையே சிரித்தது. யாசரின் காது மடல் சிவந்துபோயிற்று, ஆனால் அவர் நகரவில்லை. முனீராவுக்கு ஓடிப்போய் அவர் பக்கத்தில் நிற்க வேண்டும் போலிருந்தது.

கையூமும் சிரித்துவிட்டுத்தான் விஷயத்தைச் சொன்னார். நசுங்கிய நீல டின்னைச் சுந்தரேசன் என்ற பையனுக்குக் கொடுத்தாயிற்று. கப்பல் பட்டறையில் வேலை, இரண்டு வருஷம் கழித்து இன்று திருச்சிக்கு விமானம். டின்னை அட்டைப்பெட்டிக்குள் வைத்து, கயிறு கட்டி, இங்கிருந்தே சாங்கி விமான நிலையத்துக்குக் கிளம்பிவிட்டான். அவன் எண்ணுக்குக் கையூம் போன் போட்டார். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அவர் அலமாரியிலிருந்து இரண்டு புது டின்களை எடுத்து யாசரின் கையில் திணித்தார். மோட்டாரை வாங்கிக்கொண்டு பையனை வெறுங்கையோடு அனுப்பிவிடாதே என்றார்.

இந்தத் தடவை முனீரா எதையும் யோசிக்கவில்லை. ஈசிபி விரைவுச்சாலையில் போகன்வில்லாச் செடிகள் இருபுறமும் ஓடின. மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. யாசர் மடியில் இரண்டு டின்னையும் குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு, இடது தடம் காலி, இப்போது போகலாம் என்று வழி சொல்லிக்கொண்டே வந்தார். டேப் ஒட்டிய டின்னுக்குள் மோட்டாரையும் வயரையும் வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளை விமான நிலையச் சோதனையில் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்ற பயமும் இருவருக்கும் சேர்ந்துகொண்டது. வண்டி தொண்ணூறைத் தொட்டு அங்கேயே நின்றது. அதற்கு மேல் போனால் கேமராவில் படம் பிடித்து அபராதச் சீட்டை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அந்த நிலையிலும் அவள் அதை மறக்கவில்லை என்பதற்காக அவளை நாம் மெச்ச வேண்டும்.

விமான நிலையத்தில் திருச்சி வரிசை வளைந்து வளைந்து நீண்டிருந்தது. எல்லார் தள்ளுவண்டியிலும் ஒரே மாதிரி அட்டைப்பெட்டி, ஒரே மாதிரி கயிறு. முனீராவுக்குத் தலை சுற்றியது. யாசர் ஒரு நொடி நின்று, கண்ணைச் சுருக்கி, வரிசை முழுக்க ஒரு பார்வை பார்த்தார். ஆயிரம் பெட்டிக்கு நடுவே ஒரு பெட்டியை எழுத்தை வைத்துக் கண்டுபிடிப்பதுதானே அவர் பிழைப்பு.

“அதோ,” என்றார்.

கறுப்பு மையில் பெரிதாகச் சுந்தரேசன் என்று எழுதிய பெட்டி அப்போதுதான் எடைபோடும் பட்டையில் ஏறிக்கொண்டிருந்தது. யாசர் ஓடினார். வரிசையில் நின்றவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே ஓடி, பெட்டியின் மேல் இரண்டு கையையும் வைத்து நிறுத்தினார். சுந்தரேசன் முப்பது வயதுக்காரர், புதுச் சட்டை போட்டிருந்தார். யாரோ அதிகாரி என்று நினைத்து முகம் வெளுத்துப்போனார். முனீரா மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னாள். கவுன்ட்டரிலிருந்த பெண் முதலில் முறைத்தார். பிறகு, பெட்டியை ஓரமாக எடுத்துப் பிரித்துக்கொள்ளுங்கள் என்று கை காட்டினார்.

கயிற்று முடிச்சு கப்பல் பட்டறை முடிச்சு. இழுக்க இழுக்க இறுகியது. முனீரா கைப்பையிலிருந்து பல் கூடத்துக் கொக்கி ஊசியை எடுத்தாள், மெழுகைச் சுரண்டுகிற ஊசி. அதை முடிச்சுக்குள் விட்டு, ஒவ்வொரு புரியாக நெகிழ்த்தினாள். பெட்டி திறந்தது. சோப்பு, தைலம், பால்மாவு, ஒரு சின்னப் பெண்ணின் ரோஸ் நிறப் பள்ளிப் பை. பைக்கடியில், மூடி ஓரம் நசுங்கிய நீல டின்.

டேப்பைக் கிழித்துத் திறந்தாள். மோட்டார் அப்படியே இருந்தது. சுந்தரேசன் எட்டிப் பார்த்துவிட்டு அதை ஒரு விரலால் தொட்டார். அப்புறம் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“எம் பொண்ணு போன்ல பிஸ்கட்டு பிஸ்கட்டுன்னு உசிர எடுத்துச்சுக்கா. இதை அது முன்னாடி தொறந்திருந்தேன்னா என்னை வீட்டுக்குள்ளயே விட்டிருக்காது.”

யாசர் இரண்டு புது டின்களையும் பெட்டிக்குள் அடுக்கிக் கொடுத்தார். அவர் அடுக்கியதில் இன்னும் ஒரு டின்னுக்கு இடம் மிஞ்சியது. இரண்டு டின் ஏறியும் எடை ஏறக்குறைய அதேதான், மோட்டார் அத்தனை கனம். சுந்தரேசன் முனீராவிடம், அந்தக் கார் ஓடும்போது ஒரு படம் அனுப்புங்கள் என்று கேட்டுக்கொண்டு உள்ளே போனார்.

கார்பார்க்கிலிருந்து வெளியே பார்த்தபோது வானம் இருட்டிவிட்டிருந்தது. ஒற்றைக் கண்ணோடு சாலையில் இறங்க முடியாது. விடியும்வரை காத்திருக்கவும் முடியாது, காலையில் பரிசோதனை. முனீரா சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்மூடியைத் தூக்கினாள். யாசர் போன் விளக்கைப் பிடித்தார். ஸ்பேனரைக் கேட்குமுன்பே எந்த அளவு என்று கேட்டு எடுத்துக் கொடுத்தார். மோட்டாரைக் குழிக்குள் இறக்கி, போல்ட்டுகளை முறுக்கி, விளக்கைத் தூக்கும் கம்பியை அதன் கையில் மாட்டி, வயரைச் சொருகினாள். பட்டுச் சேலையில் கிரீஸ் பட்டது. அதைப் பற்றி மறுநாள் கவலைப்பட்டுக்கொள்ளலாம்.

பொத்தானை நீங்கள் அழுத்துங்கள் என்றாள். யாசர் உள்ளே குனிந்து அழுத்தினார்.

இரண்டு கண்களும் சேர்ந்து எழுந்தன. இடது கண் நடுங்கவில்லை, தயங்கவில்லை, வலது கண்ணோடு ஒரே நேரத்தில் எழுந்து நேராகப் பார்த்தது. எதிரே சுவரில் இரண்டு வெளிச்ச வட்டங்கள் விழுந்தன. முனீரா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். யாசர் மறுபடி அழுத்தினார், கண்கள் மூடின. மறுபடி அழுத்தினார், திறந்தன. பக்கத்து வண்டியில் ஏறப்போன ஒரு சீனக் குடும்பம் நின்று கை தட்டியது. அவர்களுக்காக இன்னும் ஒரு தடவை அழுத்திக் காட்டினார்.

மறுநாள் காலை வண்டி பரிசோதனையில் தேறிவிட்டது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நீங்கள் அதையே நினைத்துக்கொண்டு, அந்தக் கார்பார்க்கில் அடுத்து நடந்ததைக் கவனிக்கமாட்டீர்கள்.

முனீரா ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே பேசினாள். டின்னை மேசையில் வைத்தது நான்தான் என்றாள். எடுத்துப் போகச் சொன்னதும் நான்தான். தெரிந்தும் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டாள்.

“அங்க நின்னு யாரு தப்புன்னு பேசிக்கிட்டிருந்தா, டின்னு இந்நேரம் திருச்சிக்குப் போயிருக்கும்.”

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. மனசில் கிடந்ததைக் கேட்டே விடுவது என்று கேட்டாள்:

“போயிருந்தா வண்டியும் போயிருக்கும். உங்களுக்கு வீடு வீடா இருந்திருக்கும். விக்கிறேன்னுதான் நான் வாக்குக் கொடுத்திருந்தேனே.”

யாசர் போன் விளக்கை அணைத்தார். காரின் வெளிச்சம் மட்டும் இருந்தது.

“வீட்டுல இடமில்லேன்னு சொன்னேன். வண்டி வேணாம்னு எப்பச் சொன்னேன்? நீயா வாக்குக் கொடுத்தே, முனீரா. நான் வாங்கிக்கவே இல்லையே.”

அவர் இடது பக்கமாகச் சுற்றிப்போய், கதவைத் திறந்து, காலை நீட்டி உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டார். முனீரா அங்கேயே நின்றபடி, கிரீஸ் விரலால் போனைத் தட்டி, வண்டி விற்பனைக்கு இல்லை என்று நியூசிலாந்துக்காரருக்கு அனுப்பினாள். பரிசோதனைக்கு இன்னும் ஒரு ராத்திரி முழுசாக இருந்தது.